வடிகட்டுவதில்லை

புவெப்லா நகரத்து அரசு மருத்துவமனை,
அவசரச் சிகிச்சை வாசலுக்கு எதிரே
மூன்று சக்கரம், ஒரு குடை,
தெருவிளக்கிலிருந்து நான் இழுத்த மின்சாரம்.
மணி ஐந்து.

முதலில் கள்ளி.
ஆமாம், சப்பாத்திக்கள்ளிதான்.
தட்டையாகப் பிடித்து
விளிம்பை ஒரு சுற்று சீவி
முள்ளை வழித்துவிட்டால்
பச்சைக் குழந்தையின் உள்ளங்கால்.
வழவழப்பு வேண்டும், அளவாக.
கொஞ்சம் கூடினாலும்
தொண்டையில் நத்தை நடக்கும்.

பிறகு பசலை, ஒரு கைப்பிடி பார்ஸ்லி,
செலரித் தண்டு ஒன்று.
மற்ற ஊரில் இரண்டு தண்ணீர் கழுவலாம்.
இங்கே மூன்று.
எரிமலை இரவில் இருமினால்
முதலில் கீரைக்குத்தான் தெரியும்.

கீரையும் ஆரஞ்சுச் சாறும் மட்டும் முதல் சுற்று.
அவசரப்பட்டு எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டுகிறவர்கள்
இலையைக் குடிப்பதில்லை, மெல்கிறார்கள்.
மிக்ஸியின் சத்தம் கனம் குறைந்து
மெல்லிய முனகலாக மாறும்;
அப்போது அன்னாசி, நடுத்தண்டோடு.
பாதிக் கொய்யா.
சுண்டுவிரல் நகமளவு இஞ்சி.

சர்க்கரை கேட்பவர்களுக்குப் பக்கத்து வண்டியைக் காட்டுவேன்.
வடிகட்டித் தா என்பவர்களுக்கும்.
நார் போனால் வெறும் பச்சைத் தண்ணீர்,
அதற்கு எதற்குக் காசு?

இரவுப் பணி முடித்த மரிக்ரூஸ்
ஷூவைக் கழற்றி நடைபாதை விளிம்பில் உட்கார்ந்து
ஒரே மடக்கில் பாதி.
மேலுதட்டில் பச்சை மீசை.
உள்ளே யாருக்கு என்ன ஆனதென்று சொல்லமாட்டாள்.
நானும் கேட்பதில்லை.
இன்னும் கொஞ்சம் ஊற்றட்டுமா என்பேன்.
சில காலைகளில் மட்டும் டம்ளரை நீட்டுவாள்.

அந்த மனிதர் செவ்வாய்க்கிழமை வந்தார்.
அட்லிஸ்கோ பக்கம் பூ பயிரிடுகிறவர், நகத்தில் மண்.
"காபி இல்லையா?"
இல்லை.
புதன்கிழமை: "நான் மாடில்லை."
மாடு உங்களைவிட நன்றாகத் தூங்குகிறது என்றேன்.
வியாழன் பாதி டம்ளர்.
வாயில் வைத்து யோசித்தார்.
"உப்பு" என்றார்.
போட்டேன். அவர் சொன்னது சரி.
இருபத்திரண்டு வருடம் எனக்குத் தோன்றாதது.
அன்றிலிருந்து எல்லாருக்கும் ஒரு சிட்டிகை.

வெள்ளி வரவில்லை. சனியும்.
சாம்பல் விழாத நாள்தான்,
இலையை நான்கு தண்ணீர் கழுவினேன்.

ஞாயிறு, ஒரு பிளாஸ்டிக் குவளையோடு நின்றார்.
மூடி, மூடியில் துளை, துளையில் உறிஞ்சுகுழல்.
"ஒனோரினா விழுங்கலாமாம்.
நார் மட்டும் கூடாது. ஒரு இழைகூட."
டாக்டர் எழுதிய காகிதத்தை விரித்தார்,
நான் நம்பமாட்டேன் என்பதுபோல.

என்னிடம் ஏது வடிகட்டி?
பக்கத்து வண்டி நசாரியோ முன்னால் போய் நின்றேன்.
ஐந்து வருடமாகப் பேச்சில்லை.
கேலி செய்ய அவனுக்கு உரிமை இருந்தது.
எடுத்துக் கொடுத்தான்,
கூடவே ஒரு வெள்ளைத் துணியும்.

இஞ்சி இல்லாமல். உப்பு அவர் கையால்.
இரண்டு முறை அரைத்து, மூன்று முறை வடித்து,
கடைசியில் துணியில் போட்டு முறுக்கினேன்.
குடைக்கு வெளியே வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து
இருவரும் தேடினோம்,
ஒரு இழை, ஒரே ஒரு இழை.

காசு வாங்கிக்கொண்டேன்.
வாங்காவிட்டால் பயந்திருப்பார்.
குவளையை இரண்டு கையாலும் பிடித்தபடி
சிவப்பு விளக்கு விழும்வரை காத்திருந்து
சாலையைக் கடந்தார்.
இந்தத் தெருவில் யாரும் அப்படிக் காத்திருப்பதில்லை.

வடிகட்டியில் மிஞ்சியதை
ஸ்பூனால் வழித்துத் தின்றேன்.
அன்னாசி வாடை, கள்ளியின் லேசான புளிப்பு,
உப்பு கொஞ்சம் தூக்கல்.
துணியைத் துவைத்துத் தருகிறேன் என்றேன்
நசாரியோவைப் பார்க்காமல்.
பச்சை போகாது என்றான்.